இரண்டாம் ஓலை

ஞாயிறு பூசையில் நன்மை கொடுத்து முடித்து, சாமியார் சற்று உட்கார்ந்து எழுந்ததும் அறிவிப்புகள் தொடங்கும். இந்த வாரம் அன்பியக் கூட்டம் யார் வீட்டில், யாருடைய முப்பதாம் நாள் பூசை எத்தனை மணிக்கு, திருவிழா வரி எப்போதுக்குள் கட்ட வேண்டும். கடைசியாக ஓலை வரும். இன்னாருடைய மகன் இன்னாருக்கும், இன்ன பங்கைச் சேர்ந்த இன்னாருடைய மகள் இன்னாருக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. இது முதல் ஓலை. தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். வாசிக்க அரை நிமிடம் ஆகாது. அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை. அதற்கடுத்த ஞாயிறு மூன்றாம் ஓலை.

மோதிரம், தாம்பூலத் தட்டு, பரிசப் புடவை எல்லாம் ஊரில் மற்றவர்கள் வீட்டு நிச்சயத்தில் இருப்பவைதான். இந்த மூன்று ஓலை மட்டும் கிறிஸ்தவர் வீட்டுக்கென்று உள்ளது. அதை ஒரு சம்பிரதாய அறிவிப்பாக்கி, அதன் உள்ளே இருந்த பெரிய கருணையை நாம் கைவிட்டுக்கொண்டிருக்கிறோம் என்ற கவலையில் இதை எழுதுகிறேன்.

கருணை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் ஆணும் பெண்ணும் தமக்குள் வாக்குக் கொடுத்துக்கொண்டாலே திருமணம் ஆகிவிட்டதாகக் கொள்ளப்பட்டது. சாட்சி இல்லை, எழுத்து இல்லை. நாளைக்கு அவன் 'அப்படி ஒன்றும் சொல்லவில்லை' என்று கைவிரித்தால் அவள் எங்கே போய் முறையிடுவாள்? 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், திருமணங்களைக் கோயிலில் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று விதித்தது. 1563இல் திரிதெந்து பொதுச்சங்கம், அடுத்தடுத்த மூன்று திருநாள்களில் பூசை நடுவே வாசிக்க வேண்டும், பங்குக் குருவும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் இல்லாமல் கட்டும் கலியாணம் செல்லாது என்று உறுதிப்படுத்தியது. ஏமாற்றப்பட்ட பெண்களின் கண்ணீரில்தான் இந்த விதிகள் முளைத்தன. ஊரறியச் சொல்வது, ஊரைத் தடை சொல்லவும் அழைப்பது, அதற்கு அவகாசம் கொடுப்பது. இப்போதுள்ள 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், எப்படி விசாரிப்பது என்பதை அந்தந்த நாட்டு ஆயர் பேரவையிடம் விட்டிருக்கிறது. நம் பங்குகளில் ஓலை இன்னும் வாசிக்கப்படுகிறது.

நான் சொல்வது குஜிலியம்பாறைப் பக்கத்துப் பங்குகளை. குஜிலியம்பாறை திண்டுக்கல்லுக்கு வடக்கே, எரியோடு வழியாகக் கரூர் போகும் சாலையில் இருக்கிறது. மழையை நம்பிய மண். முருங்கை, சோளம், நிலக்கடலை, ஆடு மாடு. கரிக்காலி சிமெண்ட் ஆலைக்குப் போகிற வருகிற லாரிகளின் தூசி. வேடசந்தூரைச் சுற்றிலும் நூற்பாலைகள். விடியுமுன்பே ஊர் ஊராக வந்து பெண்பிள்ளைகளை ஏற்றிப்போகும் மில் பஸ்கள். இந்தச் சமவெளியில் ஒரு பெண்ணின் நிச்சயத்தைப் பற்றிப் பேசுகிறவர் மில்லைப் பேசாமல் இருக்க முடியாது. மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் கலியாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்று சொல்லி, தமிழகத்தின் மேற்கு மாவட்டங்களிலும் இங்கும் பதின்ம வயதுப் பெண்களைச் சேர்த்தார்கள். அதற்குச் சுமங்கலித் திட்டம் என்று பெயர். மாப்பிள்ளை யாரென்றே தெரியாத வயதில், அவனுக்குச் செய்ய வேண்டிய சீருக்காக இரவு ஷிப்டில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்துக்கொண்டு நின்ற பிள்ளைகள் அவர்கள். வரதட்சணை பாவம் என்று பிரசங்கம் கேட்டுவிட்டு வந்த வீடுகளிலிருந்தும் போனார்கள்.

இப்படி உழைத்துச் சேர்த்த நகையோடு ஒரு பெண் நிச்சயத் தட்டின் முன் உட்காரும்போது, அவளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் பெரியவர்கள் கேட்டு முடித்திருப்பார்கள். என்ன சாதி, என்ன வகையறா, எத்தனை பவுன். இயேசுவின் உடலை ஒரே பாத்திரத்திலிருந்து வாங்குகிற நாம், சம்பந்தம் பேச உட்கார்ந்ததும் ஞானஸ்நானத்துக்கு முந்தைய கணக்குக்குப் போய்விடுகிறோம். இதை வேறெப்படியும் மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. திருச்சபைச் சட்டத்தில் சாதி ஒரு தடையே அல்ல. ஆனால் மாமன் மகளோ அத்தை மகளோ தடை. நாம் முறைப்பெண் என்று உரிமையோடு சொல்லும் உறவு, சட்டத்தின் கணக்கில் நான்காம் படி இரத்த உறவு. அதற்கு ஆயரிடம் விலக்கு வாங்க வேண்டும். விலக்கு வாங்கியாவது முறைப்பெண்ணைக் கட்டுகிற நாம், எந்த விலக்கும் தேவைப்படாத வேற்றுச் சாதிச் சம்பந்தத்துக்கு வாசலைத் திறப்பதில்லை.

ஓலை வாசிப்பதற்கு முன் ஓலை எழுதுதல் என்று ஒன்று உண்டு. பங்கு அலுவலகத்தில் நடக்கும். ஞானஸ்நானச் சான்றிதழ், உறுதிபூசுதல் சான்றிதழ், திருமணத் தயாரிப்பு வகுப்புக்குப் போய்வந்த சான்றிதழ் எல்லாம் மேசைமேல் இருக்கும். பெண்ணையும் மாப்பிள்ளையையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, அப்பா அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, சாமியார் கேள்வி கேட்பார். சம்மதம் சொந்தச் சம்மதமா, யாராவது வற்புறுத்தினார்களா, எதையாவது மறைத்திருக்கிறார்களா. பயமுறுத்தி வாங்கிய சம்மதத்தால் திருமணம் செல்லாது என்பது சட்டம். வாழ்க்கையையே குலைக்கக்கூடிய ஒன்றை வேண்டுமென்றே மறைத்து, ஏமாற்றிச் சம்மதம் வாங்கினாலும் செல்லாது. பிறந்ததிலிருந்து ஒரு பெண்ணிடம் 'உனக்கு இஷ்டமா' என்று, பெற்றோர் இல்லாத அறையில் வைத்து, ஒருவர் கேட்பது பல குடும்பங்களில் அதுதான் முதல் தடவை. அந்தக் கேள்வி எந்தக் குரலில் கேட்கப்படுகிறது என்பதில் எவ்வளவோ அடங்கியிருக்கிறது. விண்ணப்பத்தை நிரப்புகிற குரலில் கேட்டால், விண்ணப்பத்துக்கான பதில்தான் வரும்.

நிச்சயத்தைப் பற்றித் திருச்சபைச் சட்டம் சொல்வது இன்னும் வியப்பானது. 1907இல் பத்தாம் பத்திநாதர் காலத்து ஆணை, மண ஒப்பந்தம் எழுத்தில் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும் என்றது. அவ்வளவு தூரம் அதை மதித்த அதே மரபு, அந்த ஒப்பந்தத்தைக் காட்டி யாரையும் மணமேடைக்கு இழுத்துவர முடியாது என்றும் வைத்திருக்கிறது. இப்போதைய சட்டத்தில் 1062ஆம் பிரிவு. வாக்குக் கொடுத்தவர் பின்வாங்கினால், உண்டான நஷ்டத்தைக் கேட்கலாம். கட்டு என்று வழக்குப் போட முடியாது. கதவைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். ஏனென்றால் பீடத்தின் முன் சொல்லப்போகிற வார்த்தைப்பாடு, போக வழியிருந்தும் போகாதவர் சொல்கிற சொல்லாக இருக்க வேண்டும்.

ஊர் அந்தக் கதவை அடைத்துவிடுகிறது. நிச்சயம் முறிந்தால் பையனுக்கு ஆறு மாதத்தில் வேறு இடம். பெண்ணுக்கு 'நிச்சயமாகி நின்னுபோன பொண்ணு' என்ற பேச்சு. அதற்குப் பயந்தே, தெரிந்த குறையையும் தெரியாத மாதிரி விழுங்கிக்கொண்டு மணவறைக்குப் போன பெண்கள் எத்தனை பேர்.

திண்டுக்கல் மறைமாவட்டத்தின் பேராலயம் சூசையப்பருக்கு அர்ப்பணிக்கப்பட்டது. திருச்சியிலிருந்து பிரித்து 2003இல் மறைமாவட்டம் அமைத்தபோது அந்தக் கோயில் பேராலயமாயிற்று. சூசையப்பர் சிலையின் கையில் பூத்த கோல் இருப்பதை எல்லாரும் பார்த்திருப்பார்கள். மரியாளுக்கு மணமகன் யார் என்று தேடியபோது இவருடைய கோல் மட்டும் பூத்தது என்பது பழைய கதை. நற்செய்தியில் அந்தக் கதை இல்லை. நற்செய்தியில் இருப்பது அதைவிடக் கடினமானது. நிச்சயமான பெண் கருவுற்றிருக்கிறாள் என்று அறிந்த ஒரு மனிதரின் இரவு அது.

அன்றைய யூத வழக்கத்தில் மண ஒப்பந்தம் நம்முடையதைப்போல் இளகியது அல்ல. சட்டப்படி அவள் மனைவி; கூடி வாழ்வதுதான் பாக்கி. முறிக்க வேண்டுமென்றால் விலக்குச் சீட்டு எழுத வேண்டும். குற்றம் சாட்டி ஊரைக் கூட்டினால் அவள் உயிருக்கே ஆபத்து. சூசை ஊரைக் கூட்டவில்லை. அவளுக்கு அவமானம் வராமல் மறைவாக விலக்கிவிட நினைத்தார். சந்தேகத்தின் உச்சத்திலும் அவளுடைய பெயரைக் காப்பாற்ற நினைத்தார் என்பதை மத்தேயு ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போகிறார். நான்கு நற்செய்திகளிலும் சூசை பேசியதாக ஒரு சொல்கூட இல்லை.

அந்தப் பேசாத மனிதரைக் காப்பியத் தலைவனாக்கியது தமிழ். வீரமாமுனிவர் 1711 அளவில் தமிழகம் வந்தவர். அவர் பாடிய தேம்பாவணி மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3615 பாடல். தலைவன் வளன் என்ற சூசை. அதில் திருமணப் படலத்துக்குச் சற்றுப் பின்னால் இரண்டு படலங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன: ஐயந்தோற்று படலம், ஐயநீங்கு படலம். மத்தேயுவின் சில வசனங்கள் இங்கே இரண்டு முழுப் படலங்களாக விரிகின்றன. காப்பியத்தில் மணம் முடிந்த பிறகு வருகிறது இந்த ஐயம். நற்செய்தியில் ஒப்பந்தக் காலத்தில். அந்த வேறுபாடு இருக்கட்டும். ஐயத்தை முனிவர் ஓரிரு பாட்டில் தாண்டிப் போயிருக்கலாம். புனிதரைப் பற்றிய காப்பியம், அவர் சந்தேகப்பட்டார் என்பதை அடக்கி வாசித்திருக்கலாம். அவர் அதற்கென்று ஒரு படலம் ஒதுக்கி, பெயரும் சூட்டி, வாசகரை அதன் நடுவே நிறுத்துகிறார். நம்பிக்கையின் காப்பியத்தில் ஐயத்துக்கு ஒரு முறையான இடம் உண்டு என்று தமிழ்க் கிறிஸ்தவ மரபின் தலைசிறந்த புலவர் முடிவு செய்திருக்கிறார். அவர் இயற்பெயரைச் சுமந்த பெஸ்கி இல்லம் திண்டுக்கல்லில் இருக்கிறது. அங்கே இயேசு சபைத் துறவிகள் பயிற்சி பெறுகிறார்கள். நிச்சயமான பிள்ளைகளுக்கு நடக்கும் வகுப்பில் அந்த இரண்டு படலங்களையும் யாராவது சொல்லித்தந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

சூசையின் கதையில் நான் திரும்பத் திரும்ப நினைப்பது, வானதூதர் கனவில் வந்து உண்மையைச் சொல்ல, அவர் எழுந்த பிறகு நடந்ததை. அவர் மரியாளை ஏற்றுக்கொள்கிறார். ஏற்கெனவே நிச்சயமான பெண்ணைத்தான் மறுபடி ஏற்றுக்கொள்கிறார். முதல் முறை பெரியவர்கள் கூடிச் செய்தது. இரண்டாம் முறை, எல்லாம் தெரிந்த பிறகு, தனியாக, தானே செய்தது. அவருடைய திருமணம் அந்த இரண்டாவதில்தான் நிற்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம் என்ற நிபந்தனையோடு எழுதச் சம்மதித்தாள். குஜிலியம்பாறைப் பக்கத்துக் கிராமம். நூற்பாலையில் சில வருடம் இருந்துவிட்டுப் பிறகு தையலுக்குப் போனவள். மாப்பிள்ளைக்குக் கரூரில் ஜவுளிக் கம்பெனியில் வேலை. தையில் நிச்சயம். தவக்காலத்தில் கலியாணம் வைப்பதில்லை என்பதால், ஓலையை முன்பே வாசித்துவிட்டு, ஈஸ்டர் கழித்துக் கலியாணம் என்று பேச்சு. முதல் ஓலை வாசித்த வாரம் ஒரு ராத்திரி அவன் போன் செய்தான்.

"ஒன்னு சொல்லணும். எனக்குப் பதினாலு வயசுல இருந்து வலிப்பு. மாத்திரை சாப்பிடுறேன். நாலு வருசமா வரல. அம்மா கல்யாணத்துக்கு அப்புறம் பக்குவமாச் சொல்லிக்கலாம்னாங்க. ஓலை எழுதுறப்ப சாமி, எதையும் மறைக்கலியேப்பான்னு கேட்டார். இல்லன்னுட்டேன். அன்னைல இருந்து தூக்கம் இல்ல."

"இப்ப ஏன் சொல்றீங்க?"

"இன்னும் ரெண்டு ஓலை இருக்குல்ல. வேணாம்னா நீ இப்பவே சொல்லிரலாம்."

வலிப்பு என்ற சொல் நம் ஊரில் என்ன செய்யும் என்று எல்லாருக்கும் தெரியும். விழுந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். தூக்கி உட்கார வைத்த பிறகு வாழ்நாள் முழுக்க அந்தப் பெயரால் கூப்பிடுவார்கள். நாட்டின் சட்டமே அப்படித்தான் இருந்தது. அடிக்கடி வலிப்பு வருகிறவர் திருமணத்துக்குத் தகுதியற்றவர் என்று இந்து திருமணச் சட்டத்தில் இருந்த சொல்லை 1999இல்தான் நீக்கினார்கள். சரியான மருந்தைத் தவறாமல் எடுத்தால் நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தத் தாய் பொய் சொல்லச் சொன்னதும் இந்தப் பயத்தில்தான். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெண் மறுநாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு சாமியாரிடம் போனாள். "சாமி, இந்த ஞாயித்துக்கெழம ஓலை வாசிக்க வேணாம்." அவர் காரணம் கேட்கவில்லை. சரிம்மா என்றார்; எப்போது வாசிக்கலாம் என்று நீயே வந்து சொல் என்றார். அப்பாதான் கொதித்தார். ஓலை நின்றால் ஊரில் என்ன பேசுவார்கள் என்று அவருக்குத் தெரியும். அந்த ஞாயிறு அறிவிப்பில் இரண்டாம் ஓலை இல்லாததைக் கவனிக்காதவர் கோயிலில் யாரும் இல்லை. பூசை முடிந்து வெளியே வந்ததும் முதல் கேள்வியே அதுதான்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று: அவனோடு அந்த டாக்டரைப் பார்க்க வேண்டும். திண்டுக்கல்லுக்குப் போனார்கள். பிளாஸ்டிக் கவரில் வருடவாரியாக மடித்து வைத்திருந்த மருந்துச் சீட்டுகளை அவன் மேசைமேல் வைத்தான். பழைய சீட்டுகளில் மடிப்புவாட்டில் மை அழிந்திருந்தது. அவள் ஒவ்வொன்றாக விரித்துத் தேதியைப் பார்த்தாள்; நாலு வருசம் என்று அவன் சொன்னது சரிதானா என்று பார்த்தாள். இதை என்னிடம் சொன்னபோது அவள் தயங்கவே இல்லை. "நம்பலன்னு இல்லக்கா. பாத்துட்டு நம்பணும்னு இருந்துச்சு." பிறகு டாக்டரிடம் கேட்டாள். மாத்திரையை எப்போதாவது நிறுத்தலாமா. பிள்ளைக்கு வருமா. ராத்திரி வந்தால் நான் என்ன செய்ய வேண்டும். மூன்றாவது கேள்விக்கு டாக்டர் எழுந்து வந்து, ஒருக்களித்துப் படுக்க வைப்பது எப்படி, வாயில் எதையும் திணிக்காமல் எத்தனை நேரம் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவது என்று நின்று காட்டினார். அந்தக் கேள்வியை அவள் கேட்டபோதே தனக்கு விடை தெரிந்துவிட்டது என்று அவன் பிறகு சொல்லியிருக்கிறான்.

பஸ் ஸ்டாண்டில் அவள் அவனிடம் சொன்னதாக எனக்குச் சொன்னது இது: "அன்னைக்குத் தட்டு மாத்துறப்ப சரின்னது எங்கப்பா. இப்ப நான் சொல்றேன், சரி."

ஒரு வாரம் தள்ளி இரண்டாம் ஓலை வாசித்தார்கள். அதன்பின் மூன்றாவது. ஈஸ்டர் கழிந்து கலியாணம். அவள் வாயால் விவரம் தெரிந்த அப்பாவுக்குக் கோபம் தணிய நாளானது. மாமியாருக்கு வெட்கம் தீர அதைவிட அதிக நாளானது. வருடக் கடைசியில் திருக்குடும்பத் திருவிழா அன்று பல பங்குகளில் தம்பதிகள் எல்லாரும் கைகோத்து நின்று வார்த்தைப்பாட்டைப் புதுப்பிப்பார்கள். நாற்பது வருடம் ஆனவர்களும் போன மாதம் கட்டியவர்களும் சேர்ந்து சொல்வார்கள். அந்த வருடம் அந்த இருவரும் அந்த வரிசையில் நின்றார்கள். மற்றவர்கள் முதல் முறையாகப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்களோ என்னவோ, இவர்கள் அதை ஒரு டாக்டரின் அறையில் ஏற்கெனவே செய்திருந்தார்கள்.

விசுவாசம் இங்கே என்ன செய்தது என்று கேட்டால், அற்புதம் எதையும் என்னால் காட்ட முடியாது. ஒரு பையனால் பொய்யோடு தூங்க முடியவில்லை. வேதாகமத்தின் மேல் கைவைத்து 'இல்லை' என்று சொன்னது அவனை உறுத்தியது. ஒரு பெண்ணுக்குப் போய்க் கதவைத் தட்ட ஒரு அலுவலகம் இருந்தது. காரணம் கேட்காமல் நிறுத்திவைக்க ஒருவர் இருந்தார். மூன்று ஞாயிறு என்ற அவகாசம் இருந்தது. கடவுள் வேறு எந்த வழியாக வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்?

இப்போது மூன்று ஓலையையும் ஒரே ஞாயிற்றில் சேர்த்து வாசிக்கச் சொல்லிக் கேட்பது பெருகிவருகிறது. மாப்பிள்ளைக்குத் துபாயிலோ சிங்கப்பூரிலோ லீவு பதினைந்து நாள்தான், மண்டபம் கிடைத்த தேதி அதுதான், அழைப்பிதழ் அடித்தாயிற்று. உண்மையான அவசரத்துக்கு அந்த அனுமதி இருக்கத்தான் வேண்டும். ஆனால் மண்டபத் தேதிக்காக அந்த இரண்டு வாரங்களை எடுத்துவிடும்போது, ஒரு பையன் போனை எடுத்து உண்மையைச் சொல்வதற்கிருந்த ராத்திரியையும் எடுத்துவிடுகிறோம். வீடியோவுக்கும் மேடை அலங்காரத்துக்கும் நிச்சயத்தில் ஒரு முழு நாளைக் கொடுக்கிற குடும்பங்கள், முதல் ஓலைக்கும் மூன்றாம் ஓலைக்கும் நடுவே அந்த இருவரையும் ஒரு மாலைப்பொழுது தனியாக உட்கார்ந்து பேச விடலாம். சாமியாரும் வகுப்பு எடுக்கிறவர்களும் அதைக் கேட்டு வாங்கிக் கொடுக்கலாம். சம்பளம், கடன், நோய், குடி, முன்பு மனத்தில் இருந்தவர், தனிக்குடித்தனமா கூட்டா என்று பேச வேண்டியவை இருக்கின்றன.

பேசிய பிறகு சிலர் வேண்டாம் என்பார்கள். இரண்டாம் ஓலை வாசிக்காமலே போகும். சட்டம் அதை அனுமதிக்கிறது. அந்த ஞாயிறு கோயிலுக்கு வருகிற அந்தப் பெண்ணுக்கு வாசலில் நிற்கும் நாம் அனுமதிக்க வேண்டும். அவள் ஜாக்கெட் தைக்கக் கொடுத்த துணியைப் பற்றி, திருப்பிக் கொடுத்த மோதிரத்தைப் பற்றி, என்ன குறையாம் என்பதைப் பற்றி, யாரும் அவளிடமோ அவள் அம்மாவிடமோ கேட்கக் கூடாது. பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுக்க வேண்டும். அடுத்த வரன் வரும்போது விசாரிக்க வருகிறவர்களிடம், அவள் நல்ல பிள்ளை, தெளிவான பிள்ளை என்று முதலில் சொல்கிறவர்கள் பங்குப் பேரவைக்காரர்களாக இருக்க வேண்டும்.